அப்புறம் என்று அழுத்து

என் அத்தையிடம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள். வேலை அதற்குப் பிறகுதான் நடக்கும். "கண்ணாடியைத் துடைக்கத் துப்பில்ல, இந்த லட்சணத்துல வண்டிக்குக் கண்ணு ஒரு கேடா?" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வேறு வழியில்லை. அந்தப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. கார் வாங்கும்போது அது கூட வராது, நாமாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். முன் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டுவார்கள். அதில் சாலையைப் பார்க்க ஒரு கேமரா, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்க ஒரு கேமரா. வண்டி கோட்டை விட்டு விலகினால் பெட்டி ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கும். முன்னால் போகிற வண்டி நின்றால் பிரேக் போடும். ஓட்டுகிறவர் கண்ணை மூடினால் கத்தும். ஆனால் அதற்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. காரின் ஒயர்களுக்குள் எந்நேரமும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரம் இவ்வளவு வேகம், ஸ்டியரிங் இவ்வளவு திருப்பம் என்று ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்கு எண்ணாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கும். நடுவில் தன் சொல்லையும் நுழைத்துவிடும். கொஞ்சம் இடதுபக்கம் திரும்பு என்று அது சொன்னால், கார்தான் சொல்கிறது என்று நம்பி ஸ்டியரிங் திரும்பும்.

"மாமியார் குரல்ல பேசி வேலைக்காரியை ஏவுற மருமக மாதிரி," என்று அத்தை விளக்குவாள். "மாமியார் திடீர்னு வேற பாஷை பேச ஆரம்பிச்சா மருமக கதை கந்தல்."

மாமியார் வேறு பாஷை பேச ஆரம்பிப்பதுதான் அப்டேட். அத்தையிடம் வருகிற வண்டிகள் எல்லாம் ஒரே கம்பெனியுடையவை. அந்தக் கம்பெனி அவ்வப்போது காற்று வழியாகவே காரின் மென்பொருளை மாற்றும். மாற்றியதும் உள்ளே ஓடுகிற பேச்சு மாறிவிடும். நேற்று ஸ்டியரிங்குக்கு இருந்த எண் இன்று கதவுக்குப் போயிருக்கும். பெட்டி பழைய பாஷையில் பேசிக்கொண்டிருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது. அப்போது அத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு கையால் இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். திரையில் ஓடும் எண்களில் எது கூடவே ஆடுகிறது என்று பார்ப்பாள். கண்டுபிடித்ததும் பெட்டிக்குப் புதுப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பாள்.

காருக்குக் கண் வைக்கிறவள் என்பதால் கண்ணக்கா என்று பெயர் வந்தது. "கண்ணக்கா கண்ணு வெச்சா கல்லும் உடையாது," என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஊருக்கெல்லாம் கண் பட்டால் கெடுதல், அத்தை கண் வைத்தால் மட்டும் நல்லது என்று அர்த்தம்.

அவள் கடை டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, ஒரே ஒரு கார் நிற்கும் இடம், சுவரோரம் அடுக்கிய பழைய டயர்கள். உள்ளே போனால் ரப்பர் வாசனை தலையைப் பிடிக்கும். முன்பு அங்கே அத்தையும் மாமாவும் கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மாமா, "ஸ்பீக்கர் எப்படிக் கேக்குதுன்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்," என்று ஒரு வாடிக்கையாளரின் காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பவில்லை. காரின் சொந்தக்காரர்தான் திரும்பத் திரும்ப வந்தார். அந்த மாதங்களில்தான் அத்தையின் நாக்கு அப்படி ஆனது என்று அம்மா சொல்வாள். அப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அக்கா பொறந்ததே அந்த நாக்கோடதான்," என்பார்.

அத்தையின் கடையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. அப்டேட் வந்தால் காரின் திரை கேட்கும்: இப்போதா, அப்புறமா? அப்புறம் என்றுதான் அழுத்த வேண்டும். அத்தை தன் காரில் புதுப் பேச்சைப் பார்த்து, பெட்டியைச் சரிசெய்து, ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் இப்போது என்று அழுத்தலாம். இதை அவள் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல மாட்டாள். "படிக்காத. யோசிக்காத. உனக்கு யோசனையெல்லாம் ஒத்து வராது. கேட்டுச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு அப்புறம்னு அழுத்து," என்பாள். சாவியைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொல்வாள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, "அப்புறம்னு அழுத்தணும்க்கா," என்று ஒப்பிப்பார்கள்.

வக்கீல் வீட்டு டிரைவர் ஒருவர் மட்டும் ஒப்பிக்க மாட்டார். "திரையில எது வந்தாலும் மூலையில இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டு மூடிடுவேன். எனக்குப் படிக்கிறதுன்னாலே அலர்ஜிக்கா," என்பார். அத்தை அவருக்கு மூடன் என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மூடுகிறவன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அத்தைக்குத் தம்பி. அவருக்கு ஒரு நோய் இருந்தது. தூக்கம். நமக்கெல்லாம் தூக்கம் வரும், அவருக்கு விழும். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது விழும். பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் விழும். மத்தியானத்தில்தான் அதிகம். கொஞ்ச நேரத்தில் தானாக விழித்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். வீட்டில் யாரும் இரக்கப்படவில்லை. "உங்க அப்பாவுக்கு நான் ரெண்டாம் தாரம், முதல் தாரம் தலகாணி," என்பாள் அம்மா. காவல்காரன் வேலைக்குப் போனார். திருடன் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு, போகும்போது அப்பாவின் மடியிலிருந்த டார்ச் விளக்கை அணைத்துவிட்டுப் போனானாம். கதவுத் தொழிற்சாலையில் ஒரு வாரம் இருந்தார். ரம்பத்தின் முன்னால் தலை தொங்கியதைப் பார்த்துப் பயந்து அனுப்பிவிட்டார்கள்.

வண்டி ஓட்டுவது ஒன்றுதான் அவருக்குப் பிடித்த வேலை. மருத்துவர் அதைத்தான் கூடாது என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று அப்பா நிறுத்திவிட்டார். மருத்துவரைப் பார்க்கப் போனபோது கூடப் போனவள் அத்தை. திரும்பி வரும் வழியில் அப்பா அழுதிருக்கிறார். அத்தை அவரை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, "பாக்கலாம் வா," என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் பார்த்தது இதைத்தான். அப்பா ஒரு சலவை ஆலையில் வேனோட்டியாகச் சேர்ந்தார். மருத்துவமனைகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய் ஆலையில் இறக்கி, வெளுத்த விரிப்புகளை ஏற்றித் திரும்ப வேண்டும். அதே கம்பெனியின் புது வேன். அத்தை அதற்குக் கண் வைத்தாள். முதலாளி கேட்டபோது, "டீசல் மிச்சமாகும்," என்றாள். பெட்டியின் கத்தலை அது எவ்வளவு கத்துமோ அவ்வளவுக்கு ஏற்றிவைத்தாள். அப்பாவின் இமை இறங்கினால் அது வீறிடும். அவர் எழும் வரைக்கும் வேனைக் கோட்டுக்குள் பிடித்துவைக்கும். எழாவிட்டால் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிடும். அப்பா இப்படிப் பல மத்தியானங்களை ஓட்டினார். எத்தனை தடவை தூங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாதா மாதம் அரிசி வந்தது.

அப்பாவைப் போல அத்தையின் சட்டத்தை மதித்தவர் யாருமில்லை. ஒரு சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தார். "அக்கா, திரை கேட்டுச்சு. அப்புறம்னு அழுத்திட்டேன்."

"சமத்து," என்றாள் அத்தை. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். அப்பா சாப்பிடும்போது அதை எங்களிடம் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வந்தார். "அக்கா, பச்சை விளக்கு எரியுது. ஆனா வண்டி குடிச்சவன் மாதிரி போகுது."

பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அத்தை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற நேர்ச்சாலையில் காரை எடுத்துக்கொண்டு போனாள். கையை விட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் பிணத்தின் கை மாதிரி கிடந்தது. கார் மெதுவாகச் சரிந்து ஓரக் கல்லை நோக்கிப் போயிற்று.

"அப்டேட் பண்ணியாடா?"

"சத்தியமா இல்லக்கா! நீங்க சொன்ன மாதிரி அப்புறம்னு அழுத்தினேன்!"

அத்தை திரையில் தேடினாள். கார் நள்ளிரவில் தானாகவே மாறியிருந்தது. இந்தத் தடவை கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது: அப்புறம் என்றால், வண்டி நிற்கும்போது தானாகவே மாற்றிக்கொள்ளும். இத்தனை நாள் வேண்டாம் என்று அர்த்தப்பட்ட சொல், இந்தத் தடவை சரி என்று அர்த்தமாகிவிட்டது. படிக்காதே, யோசிக்காதே என்று சொல்லிக்கொடுத்தவள் அத்தை. அவள் பேச்சைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டார்கள். புது மென்பொருள் பெட்டியின் சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. பெட்டிக்கு அது தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தது, பச்சை விளக்கை எரித்துக்கொண்டே.

கடைக்குத் திரும்பியபோது வாசலில் கார்கள் வரிசையாக நின்றன.

"கண்ணக்கா, கண்ணு வைக்கச் சொன்னா கண்ணு பட வெச்சுட்டியே!"

"ஒப்பிக்கச் சொன்னியே, இப்ப நீ ஒப்பி பாக்கலாம்! எங்க, கையைக் கட்டு!"

"என் பொண்டாட்டி சொன்னா, அந்தப் பொம்பள வாய்க்கு வண்டி விளங்காதுன்னு. நான்தான் கேக்கல."

மூடன் மட்டும் தன் காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என் வண்டி ஜம்முனு போகுது. நீங்க சொன்னதை நான் என்னைக்குக்கா கேட்டேன்?"

வாய் திறக்காத அத்தையை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் துணிந்து பேசினார்கள். அவள் அப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டும்போது போன் உயிரோடு இருக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட கட்டளைதான். ஆலைக்குப் போன் செய்தாள். முதல் நடை போய் வந்துவிட்டான், சாப்பிட்டுவிட்டு இரண்டாம் நடைக்குக் கிளம்பிவிட்டான் என்றார்கள். சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

"டேய் மூடா, வண்டியை எடு," என்றாள்.

"எங்கக்கா?"

"சுத்துச் சாலைக்கு. ஆலை வண்டி அந்த வழியாத்தான் போகும். பேசாம ஓட்டு."

அவர் பேசாமல் ஓட்டுகிற ஆள் இல்லை. "தம்பியைத் தேடியா? தூங்குமூஞ்சி அண்ணன்தானே? ஒண்ணும் ஆகாதுக்கா. தூங்குறவனை ஆண்டவன் எழுப்ப மாட்டான்." இது ஆறுதல் என்று அவர் நினைத்தார். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுத்துச் சாலையில் கூட்டம் தெரிந்தது. வேன் சாலையின் நடுச்சுவரில் உரசிக்கொண்டே வெகுதூரம் போய் நின்றிருந்தது. ஒரு பக்கத் தகரம் முழுவதும் பழத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. பின்கதவு திறந்து, வெளுத்த விரிப்புகள் சாலையில் சிதறிக் கிடந்தன. டிரைவர் சீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பெட்டி கத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாலாட்டு யாராவது பாடுங்கப்பா!"

"எழுப்பாதீங்க. பாவம், ராத்திரி டூட்டி போல. வீட்டுல என்ன டூட்டியோ!"

ஒருவன் கீழே கிடந்த விரிப்பை எடுத்து ஜன்னல் வழியாக அப்பாவின் மேல் கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டான். கூட்டம் கைதட்டியது.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். சாலையில் கோடு போடும் தொழிலாளி. உடம்பெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். அவருடைய வாளி வேனின் முன்சக்கரத்துக்கு அடியில் சிக்கி இழுபட்டுத் தட்டையாகிக் கிடந்தது. அங்கிருந்து பின்னால் சாலை முழுவதும் வெள்ளைச் சக்கரத் தடம். அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நீங்க இவனுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"நான் இங்கதாம்மா குனிஞ்சு கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா வண்டி. உள்ள ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு வரான்." அவர் குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. "அவனை எழுப்பாதீங்க. எந்திரிச்சான்னா நான் அடிச்சுடுவேன். எங்க அடிப்பேன்னு எனக்கே தெரியாது."

"நீங்க இருங்க. நான் அடிக்கிறேன்," என்றாள் அத்தை. கதவைத் திறந்து, விரிப்பைப் பிடுங்கி எறிந்து, அப்பாவைக் கன்னத்தில் அறைந்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது. அப்பா விழித்தார். முதலில் அவர் பார்த்தது ஆட்களை இல்லை, பெட்டியை.

"பச்சை விளக்கு எரிஞ்சுதே, அக்கா," என்றார்.

முதலாளி ஆள் அனுப்பி, வாளிக்கும் பெயிண்ட்டுக்கும் விலையைக் கொடுத்து விஷயத்தை முடித்தார். வீடியோ மட்டும் முடியவில்லை. எங்கள் தெருவில் எல்லார் போனிலும் அப்பா தூங்கினார்.

அந்த வாரம் அத்தை மற்றவர்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கார் இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் அடையாளச் சொல்லையும் எதிர்பார்த்தது. அது இல்லாத சொல்லைக் குப்பையில் போட்டது. அந்த அடையாளத்தைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஸ்டியரிங்குகளுக்கு உயிர் வந்தது. திட்டியவர்கள் திரும்பவும் அக்கா அக்கா என்றார்கள். பட்டறையில் தகரம் தட்டி முடித்த அப்பாவின் வேனும் வந்தது. அத்தை பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து எடுத்தாள். சரிசெய்யவில்லை. அலமாரியில் போட்டாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது.

"எல்லார் வண்டியும் ஓடுது, உங்க கூடப்பிறந்தவன் வண்டி மட்டும் ஓடக் கூடாதா அண்ணி?" என்றாள் அம்மா. "எங்க சோத்துல மண்ணள்ளிப் போடவா இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"சோறு திங்கக் கை வேணும். அந்தப் பெயிண்ட்டுக்காரனுக்குக் கை கால் இருக்குறது யார் புண்ணியம்?"

"ஒண்ணும் ஆகலையே!"

"ஆகியிருந்தா நீ ஜெயிலுக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போயிருப்ப. அதுக்கும் என்னைத்தான் அரிசி கேட்டிருப்ப."

அப்பா அத்தையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, ஒரே ஒரு தடவை சரிபண்ணிக் கொடு. இனிமே திரையில வர்ற ஒவ்வொரு எழுத்தையும் படிக்கிறேன்."

"நீ படிச்சுக் கிழிச்சாலும் தூங்குவடா. உன்னை ரோட்டுல விட்டது நான். அந்தப் பெட்டியை மாட்டாம இருந்திருந்தா நீ எப்பவோ பயந்து இறங்கியிருப்ப. நான் மாட்டினேன், நீ தைரியமா தூங்கின."

மறுநாள் அவள் சலவை ஆலைக்குப் போய் முதலாளியைப் பார்த்தாள். ஈரமும் சோப்பும் கலந்த ஆவியில், ஒரு கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். தம்பிக்குத் தூக்க நோய் இருக்கிறது, டீசலுக்காகப் பெட்டி மாட்டவில்லை, அவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள்.

"தெரியும்மா," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"தூங்குவான்னு தெரியும். சேர்ந்த மாசமே தெரியும்." காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "நல்லா இருக்கிறவன் லீவு கேப்பான், சம்பளம் கூடக் கேப்பான், சங்கம்பான். குறை இருக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். உன் தம்பி மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம். பெட்டி போச்சா? போகட்டும். புது வண்டியில இனி ஏத்த மாட்டேன், தகரம் தட்டுறது கட்டுப்படியாகாது. பழைய வேன் ஒண்ணு சும்மா நிக்குது, அதுல போகட்டும்."

பழைய வேனில் திரை கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. ஒயருக்குள் பேச்சே கிடையாது. அத்தை நினைத்தாலும் அதற்குக் கண் வைக்க முடியாது.

அப்பா அன்று மாலை சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா! நீ போய்ப் போட்டுக்கொடுத்தும் என்னை விடல. அவர்தான் என்னை நம்புறாரு," என்று மாடிப்படியில் நின்று, கீழ்வீட்டில் குடியிருக்கும் அத்தைக்குக் கேட்கும்படி சொன்னார்.

அத்தை ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு குமாஸ்தாவிடம் வீடியோவைக் காட்டினாள். வேறு அத்தாட்சி அவளிடம் இல்லை. குமாஸ்தா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டார். விரிப்பைப் போர்த்திவிடும் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார்கள். அத்தை திரும்பப் போட்டாள். எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா இந்த ஆளு?"

"என் தம்பி."

"சொந்தத் தம்பியா?"

"சொந்தத் தம்பிதான்."

குமாஸ்தா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அந்தப் பெட்டியை மாட்டியது யார் என்று கேட்டதற்கும், "நான்தான்," என்றாள். எந்த மருத்துவர் என்ற கேள்விக்கும் பதில் சொன்னாள்.

அப்பாவை வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புகார் கொடுத்தது யார் என்று அவர் கேட்டதும் அங்கேயே சொல்லிவிட்டார்கள், சிரித்துக்கொண்டே. நேராக அத்தையின் கடைக்கு வந்தார். அம்மாவும் நாங்களும் பின்னால் ஓடினோம்.

அத்தை ஒரு காருக்குள் குனிந்திருந்தாள். வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயா?" என்றார் அப்பா.

அத்தை வெளியே வந்தாள். "நான்தான்."

அப்பா கையை ஓங்கினார். அவர் வாழ்க்கையில் அத்தையை நோக்கி ஓங்கிய முதல் கை அது. ஆனால் அந்த நோய்க்கு இன்னொரு முகம் இருக்கிறது. கோபம் அளவுக்கு மீறிப் போனால் உடம்பு அப்படியே விட்டுவிடும். தூக்கம் இல்லை, நினைவு இருக்கும், காது கேட்கும். கை கால் மட்டும் அவருடையதாக இருக்காது. ஓங்கிய கை காற்றிலேயே தொய்ந்தது. முழங்கால் மடிந்தது. முகம் மெழுகு மாதிரி தொங்கியது. கீழே விழுவதற்குள் அத்தை அக்குளில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் போனை எடுத்தான். "எடுத்தேன்னா உன் கையை ஒடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டுடுவேன்," என்றாள் அத்தை. அவன் போனை உள்ளே வைத்தான்.

பிறகு அப்பாவின் காதுக்குள் பேசினாள். அவரால் திருப்பிப் பேச முடியாது என்று தெரிந்துதான் பேசினாள்.

"கேக்குதுல்ல? கேக்கும். என்னை அடிக்கணும்னா அடி, கை வந்ததும் அடி. நான் இங்கதான் இருப்பேன். ஆனா அந்தக் கையில இனிமே ஸ்டியரிங் கிடையாது. பழைய வேனை எடுத்தேன்னா திரும்பவும் சொல்லுவேன். வேற ஊருக்குப் போய் எடுத்தா அங்கயும் வந்து சொல்லுவேன். நீ செத்துப் போவேன்னு இல்லடா. நீ செத்தா அழுதுட்டுப் போயிடுவேன். ரோட்டுல குனிஞ்சு நிக்கிறவன் செத்தா நான் யார்கிட்டப் போய் அழுறது?"

அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. அத்தையும் துடைக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் உடம்பு திரும்பியது. அப்பா எழுந்து நின்றார். அடிக்கவில்லை. அத்தையின் காலுக்குப் பக்கத்தில் துப்பிவிட்டு நடந்தார். அம்மா அந்த எச்சிலைத் தாண்டிக்கொண்டு, "இப்ப குளுந்துச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு டிரைவர்கள் அத்தையிடம் வருவது குறைந்தது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குக் கண் மங்கல், ஒருவருக்குக் குடி. பெட்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. "கண்ணு வெச்சது போதாதுன்னு இப்ப வாயும் வைக்கிறா," என்றார்கள். மூடன்கூட வருவதில்லை. அத்தை திரும்பவும் பாட்டுப் பெட்டி மாட்டுகிறாள். ஸ்பீக்கர் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வருகிறவனை, முன்பு போலவே வாயில் வந்தபடி திட்டுகிறாள்.

அப்பா அதே ஆலையில் விரிப்பு மடிக்கிறார். முதலாளி முன்பைவிடக் குறைத்துத்தான் கொடுக்கிறார். சூடாக வந்து விழும் விரிப்புகளின் மேல் அவர் தூங்கிவிட்டால் மற்றவர்கள் அவரையும் சேர்த்து மடிக்கப் பார்ப்பார்களாம். பஸ்ஸில்தான் போய் வருகிறார். அத்தையோடு பேசுவதில்லை. சில சாயங்காலங்களில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விடுகிறார். நடத்துநர் உலுக்கி இறக்கிவிட, அங்கிருந்து நடந்தே வந்து சேர்கிறார். போன வாரம் ஒரு நாள் அவர் வர ரொம்ப நேரமாகிவிட்டது. அம்மா வாசலில் நின்றுகொண்டு, கீழ்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "எங்க போய் விழுந்து கெடக்குறாரோ! உங்களாலதான் அண்ணி!"

அத்தை ஜன்னலைத் திறந்தாள்.

"விழட்டும். பஸ்ஸை வேற ஒருத்தன்தானே ஓட்டுறான்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைசி நிறுத்தம் இருக்கிற பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.